இருநூற்றுப் பதினாலு வார்த்தைகள்

"என் பெண்டாட்டி திரும்பி வர்றதுக்குள்ள முடிச்சுடணும். அவளுக்குத் தெரியவே கூடாது" என்றார் பெரியவர், கதவைத் திறந்ததும் திறக்காததுமாக.

கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடிக்காமல் போயிற்று. பதினைந்து வருஷத் தொழிலில் இந்த மாதிரி ஆசாமிகளை நிறையவே பார்த்துவிட்டாள். பெண்டாட்டி யாருக்கு மெயில் அனுப்புகிறாள், என்ன பார்க்கிறாள் என்று மோப்பம் பிடிக்க ஆள் தேடுகிறவர்கள். தோளில் மாட்டிய பையைக் கழற்றாமலே கேட்டாள்.

"கம்ப்யூட்டர் யாரோடது சார்?"

"அவளோடதுதான்."

"அவங்க எங்கே?"

"பல் டாக்டர்கிட்ட போயிருக்கா. நாலு மணிக்கு வந்துடுவா."

மணி மூன்று.

"அவங்களுக்குத் தெரியாம அவங்க மெஷின்ல நான் கை வைக்க மாட்டேன். வேற ஆளைப் பாருங்க."

"ஒரே ஒரு தடவை பார்த்துடுங்கம்மா. பார்த்துட்டுத் திட்டுங்க."

பார்த்தாள். பிரௌசரில் அந்தம்மாவின் பக்கம் திறந்திருந்தது. தினம் ஒரு கவிதை. கடைசியாகப் போட்டது நிலாவைப் பற்றி. கீழே முப்பத்து நாலு பேர் கருத்து சொல்லியிருந்தார்கள். நாலைந்து பேர் அருமை என்றிருந்தார்கள். மற்றவர்கள் அந்தம்மாவைக் கிழிகிழி என்று கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார்கள்.

"முந்தாநாள் வரைக்கும் இதெல்லாம் அவ கண்ணுல படாதும்மா. நான் மறைச்சு வச்சிருந்தேன். இப்ப திடீர்னு எல்லாம் வெளியில வந்துடுச்சு. நல்ல வேளை, ரெண்டு நாளா தலைவலின்னு அவ இந்தப் பக்கமே வரல."

தோண்டிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. பட்டியலில் உள்ள வார்த்தை எந்தக் கருத்தில் வந்தாலும் அதைக் கண்ணில் காட்டாமல் மறைக்கிற எக்ஸ்டென்ஷன் ஒன்றை அவர் பிரௌசரில் போட்டு வைத்திருந்தார். பிரௌசர் தானாக அப்டேட் ஆனதும் அந்தப் பழைய சரக்கு செத்துவிட்டது. பட்டியலும் கூடவே போய்ச் சேர்ந்தது.

"அவ மனசு ரொம்ப சின்னதும்மா. இதைப் பார்த்தா அன்னிக்கே பேனாவை மூடிடுவா. அப்புறம் இந்த வீட்டுல என்ன இருக்கு?"

"போன்ல பார்க்க மாட்டாங்களா?"

"எழுத்து பொடிசா இருக்குன்னு தொடவே மாட்டா."

ஏமாற்று வேலைதான். ஆனால் இந்த ஏமாற்றுக்கு என்ன பெயர் வைப்பது என்று மெக்கானிக்குக்குத் தெரியவில்லை. பையைக் கழற்றி வைத்தாள். புது எக்ஸ்டென்ஷன் ஒன்றைத் தேடிப் போட்டாள்.

"வார்த்தையெல்லாம் ஞாபகம் இருக்கா?"

அலமாரியில் துணிக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். வரிசை எண் போட்டு இருநூற்றுப் பதினாலு வார்த்தைகள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

"தலைவலி."

அடித்தாள்.

"கழுதை. மொக்கை. மாவு."

"மாவு எதுக்கு சார்?"

"அரைச்ச மாவையே அரைக்கறாளாம். தூக்கம்."

"சார், 'உங்க கவிதையைப் படிச்சுத் தூக்கமே வரல'ன்னு இங்க ஒருத்தர் எழுதியிருக்காரே. அதுவும் சேர்ந்து மறைஞ்சுடும்."

பெரியவர் திரையில் அந்தக் கருத்தை ஒரு முறை படித்துப் பார்த்தார். "அவர் எந்த அர்த்தத்துல சொல்றார்னு தெரியல. ரிஸ்க் வேண்டாம். போகட்டும்."

நூற்றைம்பதைத் தாண்டியதும் சமாச்சாரம் மோசமாயிற்று. அவர் குரலைத் தாழ்த்தி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, அச்சில் ஏற்ற முடியாத வசவுகளை வெகு மரியாதையாக வாசித்தார். அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடித்தாள். நூற்றெண்பத்து மூன்றாவது, அவருடைய சொந்தத் தம்பியின் பெயர்.

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாசல் மணி அடித்தது. பெரியவர் நோட்டைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டார்.

"மௌஸ் ரிப்பேர்" என்றார் உள்ளே வந்த மனைவியிடம், அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே.

"அப்படியா" என்ற அந்தம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தாள். முப்பத்து நாலில் ஐந்துதான் மிச்சம். ஐந்தும் அருமை. "நிலா எல்லாருக்கும் பிடிச்சிருக்கு போலிருக்கே" என்றாள். பெரியவரின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

மெக்கானிக் கிளம்பியபோது அந்தம்மா லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்தாள்.

"எல்லா வார்த்தையும் ஏத்தியாச்சா? இல்ல, அவசரத்துல ஏதாவது விட்டுப் போச்சா?"

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"முந்தாநாளே அது நின்னு போச்சும்மா. அவர் பார்க்கிறதுக்குள்ள நான் பார்த்துட்டேன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார். அதான் ரெண்டு நாளா தலைவலின்னு கம்ப்யூட்டர் பக்கமே போகல. இன்னிக்குப் பல் டாக்டர்னு சொல்லிட்டு, அவர் உங்களைக் கூப்பிடட்டுமேன்னு கீழே பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். என் பல்லுக்கு ஒண்ணும் கேடு இல்ல."

"அப்ப அதையெல்லாம்..."

"தினமும் போன்ல ஒண்ணு விடாம படிச்சிடுவேன். வருத்தமாத்தான் இருக்கும். ஆனா பாதிப் பேர் சரியாத்தான் சொல்றாங்க."

"இவ்வளவு தெரிஞ்சும் ஏன் எழுதறீங்க?"

லிஃப்ட் வந்து நின்றது. அந்தம்மா அதன் கதவைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"ரிடையர் ஆனதிலிருந்து ஒரு வருஷம் மனுஷன் சுவரையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டாக்கூடத் திரும்ப மாட்டார். எனக்குப் பயமாப் போச்சு. இப்ப என்னடான்னா விடிஞ்சதும் கண்ணாடியை மாட்டிக்கிட்டு நோட்டோட உட்கார்ந்துடறார். புதுசா யார் என்ன திட்டியிருக்கான்னு பார்க்க அவ்வளவு சுறுசுறுப்பு. இதுல நான் திடீர்னு நல்லா எழுதித் தொலைச்சுட்டா, பாவம், அவர் என்ன வேலைம்மா செய்வார்?"