பதிவெண் பெட்டி

எலெக்ட்ரானிக் சிட்டியின் மாலை வெயில் ஆறாம் மாடிக் கண்ணாடியில் பட்டுத் தமயந்தியின் கண்ணைக் குத்துகிறது. நாளை முடிவு வெளியாகப்போகும் நுழைவுத் தேர்வின் இணையதளம், அவள் சோதித்துச் சரி சொல்வதற்காக, அவள் லேப்டாப்பில் திறந்திருக்கிறது. பதிவெண் கேட்கும் பெட்டியில் எண்ணுக்குப் பதிலாக ஒரு வரிக் கட்டளையைத் தட்டுகிறாள். தளம் அதைக் கேள்வி கேட்காமல் விழுங்கி, அத்தனை பிள்ளைகளின் பெயரையும் மார்க்கையும் கக்குகிறது. எதையும் மாற்றலாம். “பதிவெண் போடுற எடத்துல யாரும்மா இதையெல்லாம் டைப் பண்ணப் போறாங்க?” மேனேஜர் கோதண்டராமன் காபியை உறிஞ்சியபடி சிரிக்கிறார். “சும்மா கலாட்டா பண்ணாதே. எல்லாம் ஓகேன்னு மெயில் போட்டுட்டுக் கிளம்பு.” வீட்டில் முதல் ஆளாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் அவள், இப்படி ஒரு தேர்வில் வாங்கிய மார்க்கைத் தவிர வேறு சிபாரிசு அவளுக்கு இருந்ததில்லை. கீழே ஆபீஸ் கேப் விடாமல் ஹாரன் அடிக்கிறது. அவள் அசையவில்லை. “உங்க பொண்ணும் இந்த எக்ஸாம்தானே சார் எழுதியிருக்கா? நம்பர் சொல்லுங்க. இங்கயே ஃபெயிலாக்கிக் காட்டுறேன்.” சிரிப்பு உதட்டிலேயே காய, அவர் கை லேப்டாப்பை மூடப் பாய்கிறது. அதன் விளிம்பில் அவள் உள்ளங்கை அழுந்தியிருக்கிறது. “மூடிட்டா ஓட்டை அடைஞ்சிடுமா சார்?” என்கிறாள்.