வெங்காயத்துக்கு ரெண்டு வேளைத் தண்ணி

"அத்தை! வெங்காயத்துக்குத் தண்ணி ஊத்தியாச்சா?"

மருமகள் போட்ட சத்தம், எதிர் வீட்டுத் தையல்காரியின் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

மாமியார் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். மூட்டு ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, மறு கையில் பூவாளியோடு மொட்டை மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு படி. காலையில் ஏறியது தனிக்கணக்கு.

தையல்காரிக்குப் பொறுக்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த பாவாடையை அப்படியே போட்டுவிட்டு எதிர் வீட்டுக்குள் நுழைந்தாள்.

"ஏம்மா, உனக்கே நல்லா இருக்கா? கால் முடியாதவங்களை இப்படி விரட்டறியே! அந்த நாலு தொட்டியையும் கீழே கொண்டுவந்து வெச்சா என்ன?"

"ஐயோ, மெதுவாப் பேசுங்கக்கா!" மருமகள் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். "தினம் ரெண்டு வேளை படி ஏறி இறங்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். இவங்க கேட்டாத்தானே? வலிக்குதுன்னு கட்டிலே கதியாக் கிடந்தாங்க. நடையே நின்னு போயிடுமோன்னு பயந்துட்டேன்."

"அதுக்கு?"

"முளைவிட்ட சின்ன வெங்காயத்தைத் தொட்டியில ஊனி மாடியில வெச்சேன். ரெண்டு வேளை தண்ணி இல்லேன்னா செத்துடும், எனக்கு நேரமில்லன்னு ஒரு போடு போட்டேன். செடி வாடறதை அத்தை பார்த்துக்கிட்டு இருப்பாங்களா? எழுந்துட்டாங்க! சொல்லிடாதீங்கக்கா. தெரிஞ்சா மறுபடியும் படுத்துக்குவாங்க."

தையல்காரிக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதட்டியதற்குப் பரிகாரமாக உதவியாவது செய்வோமென்று மாடிக்கு ஓடினாள்.

"குடுங்கம்மா, நான் ஊத்தறேன்."

பூவாளியை வாங்கினாள். பஞ்சு மாதிரி இருந்தது. கவிழ்த்துப் பார்த்தாள். சொட்டுத் தண்ணீர் இல்லை.

"என்னம்மா, காலியா இருக்கு?"

"உஷ்!" மாமியார் படிப்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டார். "வெங்காயத்துக்கு தினம் ரெண்டு வேளை ஊத்தினா அழுகித்தான் போகும். மூணு நாளைக்கு ஒரு தரம் போதும். அதுகூடத் தெரியல அவளுக்கு!"

"அப்புறம் எதுக்கு தினம் ஏறி இறங்கறீங்க?"

மாமியார் வெங்காயத் தாளைத் தடவிக்கொடுத்தபடி சிரித்தார்.

"என்னை நடக்க வைக்க இவ்வளவு மெனக்கெட்டுப் பொய் சொல்றா. நான் கண்டுபிடிச்சுட்டேன்னு தெரிஞ்சா, பாவம், அவ முகம் வாடிடாதா?"