செலீனா குடித்த தேத்தண்ணி

"எனக்குத் தேத்தண்ணி வேண்டாம். நான் சீனியை விட்டு எட்டு மாசம்."

செலீனா சொன்னதும் அந்தோனியம்மா கையிலிருந்த தட்டத்தை இன்னும் கிட்ட நீட்டினாள். நாலு கப் பால் தேத்தண்ணி. மாப்பிள்ளையின் தாய் முதன்முதலாக வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று ஆசையாக ஊற்றிக் கொண்டுவந்தது.

"ஒரு வாய் குடிங்க..."

"வேண்டாம். குறை நினையாதேங்கோ."

குறை நினைக்காமல் எப்படி இருப்பது? அந்தோனியம்மாவும் அவள் கணவர் மரியதாஸும் சிறுவயதில் பெற்றோரோடு மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மன்னார்ப் பக்கம் வெள்ளாங்குளத்துக்கு வந்தவர்கள்; ஊராருக்கு இன்னும் தோட்டக்காட்டார். இத்தனை வருடத்தில் அவர்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் போனவர்கள் எத்தனையோ பேர். ஒருவருக்கு விரதம். இன்னொருவர் இப்போதுதான் குடித்துவிட்டு வந்தவர். மிச்சப் பேர் எல்லாருக்கும் சீனி வருத்தம்.

அதே ஆட்களிடம் மூடி திறக்காத சோடாப் போத்தலை நீட்டிப் பாருங்கள், மடமடவென்று குடிப்பார்கள். தோட்டக்காட்டு வீட்டுக் கப்பில் வாய் வைக்கத் தேவையில்லை அல்லவா?

சீனி வருத்தத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று இரத்தம் சோதித்தால் தெரிவது. மற்றது இந்த வீட்டு வாசலுக்கு வந்தவுடன் தொடங்குவது.

அந்தோனியம்மா மகளைப் பார்த்தாள். ஜெனிற்றா கதவோரம் தலை குனிந்து நின்றாள். மன்னாரில் தையல் கடைக்கு வேலைக்குப் போய்வந்த நாட்களில் மில்ரனோடு பழக்கம். மூன்று வருடம் காத்திருந்து இன்றைக்குத்தான் அவன் தாயைக் கூட்டிவந்திருக்கிறான்.

இன்றைக்குக் கப்பைத் தொடாத மாமியார் நாளைக்கு மருமகளுக்கென்று தனிக் கப் வைப்பார். அப்படி ஒரு வீட்டுக்குப் பெற்ற பிள்ளையை எப்படி அனுப்புவது? 

மில்ரனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவசரமாகச் சொன்னான்.

"உண்மைதான் மாமி. அக்காவின்ர பிள்ளையின்ர முதல்நன்மைக் கொண்டாட்டத்துக்குக்கூட அம்மா கேக் தொடேல்லை. பார்டர்ல நிக்குது, சீனியை விடுங்கோ எண்டு டொக்டர் சொன்னவர்."

"சரிங்க தம்பி," என்றாள் அந்தோனியம்மா. ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை.

மரியதாஸ் கதிரையை விட்டு எழும்பினார். அவருக்கு இதெல்லாம் பழக்கம்.

"நான் கடைக்குப் போயி சோடா வாங்கிட்டு வாறேன்."

"ஐயோ, சோடாவே வேண்டாம்! அதிலதானே கூடச் சீனி," என்றார் செலீனா.

அந்தோனியம்மா நிமிர்ந்தாள். மனதில் பட்டதை வாய் கேட்டுவிட்டது.

"அப்ப சீனி போடாம ஊத்தித் தந்தா குடிப்பீங்களா?"

 மில்ரன் தாயின் முகத்தைப் பார்த்தான். செலீனா அந்தோனியம்மாவைப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற ஜெனிற்றாவைப் பார்த்தார். பிள்ளையின் கண்கள் கலங்கியிருந்தன.

"தாங்கோவன், குடிக்கிறன்."

அந்தோனியம்மா தட்டத்தோடு குசினிக்கு ஓடினாள். ஆறியதைக் கொட்டிவிட்டுப் புதிதாக நாலு கப் ஊற்றினாள். மூன்றுக்குத் தலைக்கு இரண்டு கரண்டி சீனி. ஒன்றுக்கு இல்லை. 'மாதாவே, அந்த அம்மா குடிச்சிரணும்' என்று முணுமுணுத்துக்கொண்டே கலக்கினாள். கலக்கிய கையோடு நாலையும் அவசரமாகத் தட்டத்தில் அடுக்கினாள்.

தட்டத்தைக் கொண்டுவந்து, செலீனாவுக்குத் தன் கையாலேயே கப்பை எடுத்துக் கொடுத்தாள்.

"சீனி போடலைங்க."

செலீனா ஒரு மிடறு குடித்தார். சட்டென்று நிறுத்தினார்.

அந்தோனியம்மா அந்தக் கப்பையே பார்த்தாள். அவ்வளவுதான், இப்போது கீழே வைத்துவிடுவார் என்று நினைத்தாள்.

செலீனா தலை நிமிர்ந்து அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு மறுபடி குடித்தார். அடிவரைக்கும் குடித்துவிட்டு வெறும் கப்பை அவள் கையிலேயே கொடுத்தார்.

"நல்ல தேத்தண்ணி. இனி குடிக்கத் தண்ணியும் கொஞ்சம் தாங்கோ."

தண்ணீரையும் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பாஸ்காப் பெருநாள் முடிஞ்ச கையோட கலியாணத்தை வைப்பம். என்ன சம்மந்தி?"

சம்மந்தி! அந்தோனியம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஜெனிற்றா வெட்கத்தில் உள்ளே ஓடிவிட்டாள். மில்ரன் அப்போதுதான் தன் கப்பை எடுத்தான். மரியதாஸ் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார்.

அவர்கள் வந்த ஓட்டோ தெருமுனை திரும்பும்வரை கை காட்டிவிட்டு வந்து, அந்தோனியம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து இப்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

"நான் ஒரு பாவி. அந்த அம்மாவைப் போய் சந்தேகப்பட்டேனே. பாத்தீங்களா, சீனியே இல்லாத தேத்தண்ணிய ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடிச்சிட்டுப் போறாங்க."

மரியதாஸ் முகத்தைச் சுளித்தார்.

"அது இருக்கட்டும். எனக்கு எதுக்குடி சீனியே போடாமத் தந்த? சம்மந்தி முன்னால உன்னைய விட்டுக் குடுக்கக் கூடாதுன்னு கண்ண மூடிக்கிட்டு முழுங்குனேன்."