கதவு ரப்பர்

“எஞ்சின், கியர்பாக்ஸ், ஓடுற பாகம் அத்தனைக்கும் மூணு வருஷம் வாரண்டி அண்ணே. எது போனாலும் எங்க செலவு. இங்க ஒரு கையெழுத்து போட்டா முடிஞ்சுது.”

விற்பனைக்காரர் காகிதத்தைக் காரின் மூக்கு மேல் விரித்து, பறக்காமல் இருக்கப் பேனாவை அதன் மேல் வைத்தார். பழைய கார். ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்கும். தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக மத்தியான வெயில் அதன் மேல் வட்டம் வட்டமாக விழுந்து கிடந்தது.

உலைக்காரர் பேனாவைத் தொடவில்லை. இரும்பு வார்க்கும் ஆலையில் பதினாறு வருடம் நின்றவர். முழங்கை வரை தீப்பொறி தின்ற தழும்புகள். கண்கள் எப்போதும் சிவப்பு. அவர் மனைவியைப் பார்த்தார்.

“ஓடுற பாகம் இருக்கட்டும். கதவு ரப்பருக்கு?” என்றாள் மனைவி.

“ரப்பரா?”

“கதவோரம், கண்ணாடியோரம் கறுப்பா போகுதே, அது. அது பிஞ்சா மாத்திக் குடுப்பீங்களா?”

“அதெல்லாம் தேய்மானம்கா. வாரண்டில வராது.”

“சீட்டச் சாய்க்கிற லீவரு?”

“வராது.”

“மழைக்கு மேல ஒழுகினா?”

“அதுவும் வராது.”

“பின்ன என்னதான் வரும்?”

“அதான் சொன்னேனேக்கா. எஞ்சின், கியர்பாக்ஸ்...”

“அதையே எத்தன தடவ சொல்லுவீங்க தம்பி.” அவள் கதவைத் திறந்து பிடித்தாள். “ஏங்க, நீங்க உள்ள உக்காருங்க. பின் கண்ணாடிய ஒரு விரல் எறக்கி வைங்க. பாத்துடுவோம்.”

உலைக்காரர் ஸ்டீயரிங் பக்கம் போகாமல் அடுத்த சீட்டில் உட்கார்ந்தார். அப்படியானால் அக்காதான் ஓட்டுவார் போலிருக்கிறது என்று விற்பனைக்காரர் நினைத்துக்கொண்டார். நல்லதுதான். பெண்கள் வாரண்டியை விடமாட்டார்கள்.

கதவு தொப்பென்று மூடியது. சாலை இரைச்சல், பின்னால் யாரோ தகரம் தட்டிக்கொண்டிருந்த சத்தம், எல்லாம் தண்ணீருக்கு அடியில் போனதுபோல் மங்கிற்று. உள்ளே சூடு இருந்தது. உலை முன்னால் நிற்பவருக்கு அது ஒரு சூடே இல்லை. லீவரை இழுத்தார். யாரோ முதுகில் கை கொடுத்துப் படுக்க வைத்ததுபோல் சீட் மெல்லப் பின்னால் போனது. கண்ணாடிக்கு வெளியே மனைவியின் வாய் மீன் வாய் மாதிரி அசைந்தது. மேலே கூரைத் துணியில் பழைய கறை ஒன்று, மேகம் மாதிரி. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மேகம் நகர ஆரம்பித்தது.

வெளியே மனைவி கண்ணாடிப் பக்கம் குனிந்து கை தட்டினாள். பிறகு, “பக்கத்து வண்டில ஹாரன் அடிங்க தம்பி” என்றாள்.

“எதுக்குக்கா?”

“அடிங்க.”

அடித்தார். உள்ளே இருந்தவர் திரும்பவில்லை. வந்ததிலிருந்து இறுகிக் கிடந்த அவள் முகம் முதல் தடவையாகத் தளர்ந்தது.

“இவ்வளவு சோதிக்கிறீங்க, வாரண்டிய மட்டும் விடுறீங்களே” என்றார் விற்பனைக்காரர். “அண்ணனுக்கு நைட் ஷிஃப்ட்னீங்க. நடுரோட்டுல வண்டி நின்னுடுச்சுன்னா?”

“நிக்கட்டும்.”

“வேலை என்னாகுறது?”

“அந்த வேலைக்காகத்தான் தம்பி இவ்வளவும். ரெண்டு மெமோ வாங்கியாச்சு. மூணாவது வந்தா வீட்டுல உக்கார வேண்டியதுதான். இந்த வண்டிய நம்பித்தான் நாங்க ஏழு பேரும் இருக்கோம்.”

“அப்ப வாரண்டி கட்டாயம் வேணும்கா. நான் என் லாபத்துக்குச் சொல்லல.”

“உங்க லாபத்துக்குத்தான் சொல்றீங்க. பரவால்ல, உங்க பொழப்பு அது.” அவள் காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். “எஞ்சின் வாரண்டி வேணாம். ரப்பரு, லீவரு, மேல ஒழுகாம இருக்க, இந்த மூணுக்கும் ஒரு வருஷம் கைப்பட எழுதிக் குடுங்க. இப்பவே எடுத்துக்கறோம்.”

“பதினோரு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். ரப்பருக்கு வாரண்டி கேட்ட மொத ஆள் நீங்கதான்.”

“கேட்டாச்சில்ல. எழுதுங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அச்சடித்திருந்ததை எல்லாம் அடித்துவிட்டு, கீழே அவள் சொன்னபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் வரிக்கு வரி விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள். பிறகு பையிலிருந்து பணக் கவரை எடுத்துக் கொடுத்தாள்.

“ஓட்டியே பாக்காம பணம் குடுக்குறீங்க” என்று அவர் சாவியை நீட்டினார். “ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்கக்கா. லைசென்ஸ் வச்சிருக்கீங்கல்ல?”

“உஸ், மெதுவாப் பேசுங்க” என்றாள் அவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உலைக்காரரின் வாய் லேசாகத் திறந்திருந்தது. தழும்புக் கைகள் இரண்டும் மார்பின் மேல் ஏறி ஏறி இறங்கின.

“எங்க ரெண்டு பேருக்குமே ஓட்டத் தெரியாது தம்பி. இருக்கறது ஒரே ரூம், பகல் பூரா சத்தம், இந்த மனுஷன் ஒழுங்காத் தூங்கி மூணு மாசம் ஆச்சு, உலை முன்னாடி கண்ணசந்ததுக்குத்தான் ரெண்டு மெமோவும். எஞ்சினக் கழட்டி நீங்களே வச்சுக்கங்க, வீட்டுக்குப் பின்னாடி நெழல் இருக்கு, அதுவரைக்கும் இவர எழுப்பாம அப்படியே தள்ளிட்டு வர முடியுமான்னு மட்டும் பாருங்க.”