இருபத்தேழாம் நம்பர்

"எத்தனை கிலோ, தங்கச்சி?"

"ஐம்பத்தஞ்சு," என்றாள் ஆரணி, கண்ணைக்கூட இமைக்காமல்.

கொட்டாஞ்சேனையில் ஒஸ்வால்டின் சைக்கிள் கடை. முதலாளி சாமான் எடுக்கப் புறக்கோட்டைக்குப் போயிருந்தார். கடையில் மெக்கானிக் நிலூஷா மட்டும்தான் இருந்தாள். பாமன்கடையில் இருக்கும் தன் வீட்டிலிருந்து மவுண்டன் பைக்கை ஒரு திரீவீலின் தலையில் கட்டி, வழி முழுக்க டிரைவரின் முணுமுணுப்பையும் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள் ஆரணி. வராமல் முடியுமா? ஞாயிற்றுக்கிழமை நுவரெலியாவில் மலையிறக்கப் போட்டி. வெல்லுகிறவள் வெளிநாடு போகும் அணியில் சேரலாம். பெண்களுக்கு இருப்பது ஒரே ஓர் இடம்.

நிலூஷா முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்குக்குள் சின்னப் பம்பால் காற்றடித்தாள். பிறகு அதன் குழாயில் இருந்த ரப்பர் வளையத்தை அடிவரைக்கும் இறக்கிவிட்டாள்.

"ஹெல்மெட், முழங்கால் கவசம், தண்ணிப் பை எல்லாத்தையும் போட்டுக்கிட்டு ஏறுங்க. போட்டியில எப்படிப் போவீங்களோ, அப்படியே."

ஆரணி ஏறி நின்று, மெல்ல இறங்கினாள். போர்க் அமிழ்ந்த அளவுக்கு வளையம் மேலே ஏறி நின்றது. நிலூஷா அளவுகோலை வைத்துப் பார்த்தாள்.

"நீங்க சொன்ன எடைக்கு நாலு சென்ரிமீற்றர்தான் அமிழணும். இது அஞ்சு. தங்கச்சி, உங்களுக்கு அறுபத்திமூணு கிலோ."

ஐயோ! ஆரணியின் முகம் சிவந்துபோனது. எங்கே போனாலும் எடையில் எட்டுக் கிலோவைக் குறைத்துச் சொல்வது அவளுக்கு ஊறிப்போன பழக்கம். டொக்டரிடமே அப்படித்தான் சொல்வாள்.

"போன கடையிலயும் இதைத்தான் சொன்னீங்களா?"

"ஓம்."

"அதுதான் போன மாசப் போட்டியில விழுந்திருக்கீங்க. உங்க எடைக்குக் காத்துக் காணாம போர்க் அடியோட இறங்கியிருக்கு. பாவம், கல்லைத் திட்டியிருப்பீங்க."

ஆரணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு மாதமாக அந்தக் கல்லை அவள் திட்டாத திட்டில்லை.

நிலூஷா மறுபடி காற்றடித்தாள். ஏறச் சொன்னாள், இறங்கச் சொன்னாள், அளந்தாள். ஆறு தரம். பிறகு போர்க்கின் அடியிலிருந்த சிவப்புத் திருகை ஒவ்வொரு 'டிக்'காகத் திருப்பி, ஹாண்டிலை உள்ளங்கையால் அமுக்கி, அது எவ்வளவு வேகமாக மேலே எழும்புகிறது என்று பார்த்தாள். என்ன பொறுமை! இப்படி ஒருத்தி தன் பக்கம் இருந்தால் எந்த மலையிலும் இறங்கலாம் என்று ஆரணிக்குத் தோன்றியது.

"எனக்கு ஒரே ஒருத்திக்குத்தான் அக்கா பயம். இருபத்தேழாம் நம்பர். போன மாசப் போட்டியில அவதான் முதல். முகத்தை மூடின ஹெல்மெட்டுக்குள்ள ஆரெண்டும் தெரியேல்ல. பரிசு குடுக்கேக்க பாப்பமெண்டா, நான் ஆஸ்பத்திரியில."

"இருபத்தேழா?" நிலூஷா நிமிராமலே கேட்டாள். "அந்தா, சீலை போட்டு மூடி சுவர்ல தொங்குதே, அதுதான் அவட பைக். அதுக்கும் நான்தான் காத்தடிக்கிறது."

ஆரணி சட்டென்று திரும்பினாள். சுவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா... அதில கொஞ்சம் காத்தை இறக்கிவிட்டா என்ன?"

நிலூஷாவின் கை நின்றது. "எவ்வளவு இறக்கணும்? சொல்லுங்க, ரெண்டு நிமிச வேலை. அவளுக்குத் தெரியவும் வராது."

ஆரணி தன் முழங்கால் தழும்பைத் தடவினாள்.

"வேண்டாம் அக்கா. சீ, என்ன புத்தி எனக்கு! விழுந்தா எப்பிடி நோகுமெண்டு எனக்குத் தெரியும். அவ நல்லா வரட்டும்."

நிலூஷா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு குனிந்து சிவப்புத் திருகை இன்னும் இரண்டு 'டிக்' திருப்பினாள்.

"கடைசி வளைவுல வேர் வேரா இருக்கும். எல்லாரும் அங்க பயந்து முன்பிரேக்கைப் பிடிப்பாங்க. நீங்க பிடிக்காதீங்க. போர்க்கை நம்பி விடுங்க."

போட்டிக்காரர்கள் எத்தனை பேர் இவளிடம் வந்து அந்த மலையின் கதையைச் சொல்லியிருப்பார்கள் என்று வியந்தபடி ஆரணி வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மலையுச்சியிலிருந்து ஒவ்வொருவராக இறக்கிவிட்டார்கள். கடைசி வளைவில் வேர்கள் தெரிந்ததும் ஆரணியின் விரல் தானாகப் பிரேக்குக்குப் போனது. விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். போர்க்கை நம்பி விட்டாள். சக்கரம் வேர்களின் மேல் தட்டுத்தடங்கலில்லாமல் ஓடியது. நேரப் பலகையில் அவள் நம்பர் முதலாவதாக ஏறியது.

இன்னும் வரவேண்டியது ஒருத்திதான். இருபத்தேழு.

பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு அவள் இறங்கி வந்த அழகைப் பார்த்து ஆரணி தன்னை மறந்து கைதட்டினாள். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் பலகை மாறியது. இருபத்தேழு இரண்டாமிடம். அரைச் செக்கன்தான் வித்தியாசம்.

ஆரணி அழுதுகொண்டே குதித்தாள்.

இருபத்தேழு பலகையைப் பார்த்தாள், ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு நேரே ஆரணியின் பைக்கிடம் வந்து குந்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே ரப்பர் வளையம் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள்.

"அறுபத்திமூணு கிலோவுக்கு அச்சொட்டாச் சரி, தங்கச்சி," என்றபடி ஹெல்மெட்டைக் கழற்றினாள் நிலூஷா.