துரத்திய பன்றி

போன மழைக்காலத்தில் ஒரு குழந்தை மூளைக்காய்ச்சலில் இறந்துபோனதும், ஊரார் தங்கள் பன்றிகளையெல்லாம் விற்றுவிட்டார்கள். தப்பி ஓடிய ஒரு பெண்பன்றி மட்டும் வயலோரப் புதரில் தனியாகக் கிடந்தது. அதைத் தேடி வந்து பேசுகிற ஒரே ஆள் ஆறு வயது செவ்வந்திதான்.

ஒரு காலையில் அவள் மூச்சிரைக்க ஓடிவந்து பன்றியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பள்ளிக்கூடத்துல ஊசி போடுறாங்க. சாயங்காலம் வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

ஒரு நாள் முழுக்கத் துணை! பன்றியின் வால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

வரப்பில் நின்ற கொக்கு மெல்லச் சொன்னது. "அக்கா, அது மூளைக்காய்ச்சல் வராம இருக்கப் போடுற ஊசி. நம்ம ரத்தத்துல இருக்கிற கிருமியைத்தான் கொசு கொண்டுபோய் புள்ளைங்களுக்குக் கொடுக்குது. நமக்கு ஒண்ணும் ஆகறதில்ல."

"நாளைக்குப் போட்டுக்கட்டுமே."

"நர்ஸம்மா மத்தியானமே கிளம்பிடுவாங்க."

பன்றி செவ்வந்தியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து, உறுமிக்கொண்டு அவள்மேல் பாய்ந்தது. அலறியபடி ஓடியவளைப் பள்ளிக்கூட வாசல் வரை துரத்திவிட்டுத் தனியே திரும்பி வந்தது.

மத்தியானம் கொக்கு வந்தது. "போட்டாச்சு அக்கா. ஊசிக்கு அவ அழல. பன்னி கடிக்க வந்துச்சுன்னுதான் அழுதா. இனிமே இந்தப் பக்கமே வர மாட்டாளாம்."

பன்றி பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

"எந்தக் கையில போட்டாங்க?"

"இடது கையில."

"ராத்திரி அந்தப் பக்கமா ஒருக்களிச்சுப் படுக்காம இருக்கணுமே," என்றது பன்றி.