அளவுத்தாளில் இல்லாத கட்டில்

பழைய பஸ்களை நடமாடும் சொகுசு வீடுகளாக மாற்றித் தரும் பட்டறை ஒன்று. அங்கே இருக்கைகளுக்கு உறை தைக்கும் அக்கா, சென்ற மழைக்காலத்தில், வாயில் கவ்விய ஊசியை எடுக்காமலே சொல்லக் கேட்டது இது. அவர் சொன்ன வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

பட்டறைத் தச்சருக்கு 'அரையிஞ்சு' என்று பெயர். அரை இஞ்சு பிசகினாலும் பலகையைப் பிரித்து மறுபடி அடிப்பார். வாடிக்கையாளர் தரும் அளவுத்தாள்தான் அவருக்கு வேதவாக்கு. அப்பேர்ப்பட்டவர் அன்று தாளில் இல்லாத ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்.

"என்னண்ணே, கண்ணாடி அலமாரி வரவேண்டிய இடத்துல கட்டில் முளைச்சிருக்கு?" என்றார் அக்கா.

"மடக்குக் கட்டில். மடக்கினா சுவரோட சுவராப் போயிடும்."

"தாள்ல ஒரே ஒரு கட்டில்தானே இருக்கு?"

"அதுதான் என் வயித்தெரிச்சல்! ஆறடி அகலத்துல தேக்குக் கட்டில், சாய்வு நாற்காலி, வெந்நீர் வர்ற குளியலறை. எல்லாம் அந்த மகராசனுக்கு. அவனோட அம்மாவும் இந்த வண்டியில போறாங்களாம். அவங்களுக்கு என்ன செய்யணும்னு கேட்டேன். என்ன சொன்னான் தெரியுமா?"

"என்ன சொன்னாரு?"

"'அம்மாவுக்கு முன்னாடி இருக்கிற பழைய சீட்டே போதும், அதுல கை வைக்காதீங்க'ன்னான். என்ஜின் சூடு முழங்காலைப் பொசுக்கும் அங்க! பெத்தவளை உட்கார வைக்கிற இடமா அது?"

பட்டறை முதலாளி எட்டிப் பார்த்தார். பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யோவ் அரையிஞ்சு, நாளைக்கு வண்டிக்காரர் வர்றாருய்யா. அலமாரி எங்கேன்னு கேட்டா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பதில் சொல்றது? தாளை மீறினவனுக்கு இங்க வேலை கிடையாது. தெரியும்ல?"

"போனாப் போகட்டும் வேலை. பெத்த தாய்க்கு ஒரு படுக்கை இல்லாத வண்டி என்ன சொகுசு வண்டி?"

சொல்லும்போது தச்சருக்கே மெய்சிலிர்த்தது. கடைசி ஆணியைக் கொஞ்சம் ஓங்கியே அடித்தார்.

மறுநாள் காலை வண்டிக்காரர் வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய அம்மா வந்தார். குள்ளமான உருவம், நரைத்த தலை, காற்றைப் போல நடை. யாரையும் கேட்காமல் முன்கதவைத் திறந்து ஏறி, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, கிளட்சை இரண்டு முறை மிதித்துப் பார்த்தார்.

"அப்படியே இருக்குடா!"

"சாவி இந்தாங்கம்மா," என்றார் மகன்.

தச்சர் திகைத்தார். "அவங்களா ஓட்டப்போறாங்க?"

"இருபத்தாறு வருஷம் இதே பஸ்ஸை ஓட்டினவங்க. ஓய்வு கொடுத்து அனுப்பினதுல இருந்து வீட்ல இருப்புக் கொள்ளல. பஸ் ஏலத்துக்கு வந்ததும் வாங்கிட்டேன். வண்டி மொத்தமும் அவங்களுக்குத்தான். நான் கையாட்டி அனுப்பிட்டு ஆபீஸ் போறவன்."

"அப்போ அந்த ஆறடிக் கட்டில்?"

"தூக்கத்துலயும் வண்டி ஓட்டுவாங்க. வளைவு வந்தா திரும்புவாங்க. இடம் வேணாமா?"

தச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. அதற்குள் அம்மா வண்டியின் பின்பக்கம் போயிருந்தார்.

"இது என்ன, இன்னொரு கட்டில்?"

"அது வந்தும்மா..." என்று முதலாளி மென்று விழுங்கினார்.

"நான்தாம்மா செஞ்சேன்," என்றார் தச்சர். "உங்களுக்குப் படுக்க இடமில்லையேன்னு தப்பா நினைச்சுட்டேன். இப்பவே பிரிச்சுடறேன்."

அம்மா கட்டிலை இறக்கி, அதில் நீட்டிப் படுத்துப் பார்த்தார்.

"பிரிக்கிறதாவது! எனக்கு அளவெடுத்துத் தெச்ச சட்டையாட்டம் இருக்கு. டேய், லீவு கிடைச்சா வா. காலை மடக்கிக்கிட்டு நீ இதுல படு."

பட்டறையே சிரித்தது. முதலாளிக்கு மூச்சு வந்தது. தச்சரின் வேலையும் தப்பியது.

"ஆமா, என்னைப் பார்க்காமலே எப்படி இவ்வளவு சரியா அளவு வெச்சீங்க?"

"எங்கம்மாவை மனசுல வெச்சுத்தாம்மா. அவங்களும் உங்க உயரந்தான்."

"நல்ல பிள்ளை. அவங்க படுக்கிற கட்டிலும் நீங்க செஞ்சதுதானே?"

தச்சருடைய தாயார், சாப்பாட்டு மேசைக்கும் சுவருக்கும் நடுவே, தரையில்தான் பல வருஷமாகப் படுத்துவந்தார். தச்சர் திருப்புளியை எடுத்து, இறுகியே இருந்த ஒரு கீலை மேலும் இறுக்கத் தொடங்கினார்.

அக்கா கதையை இங்கே நிறுத்திவிடுகிறார். அதே பட்டறையின் பெயின்டர் சொல்லும்போது, வண்டிக்காரரிடம் கேட்டு வாங்கிய மிச்சப் பலகைகள் அன்று மாலையே தச்சரின் வீட்டுக்குப் போய்ச் சேர்கின்றன.

மூன்றாவது வடிவம் தச்சரின் தாயார் சொன்னது, தம் புதுக் கட்டிலில் உட்கார்ந்தபடி. அதில் பஸ் உண்டு, ஓட்டுநர் அம்மாள் உண்டு, சிரிப்பும் உண்டு. அந்தக் கடைசிக் கேள்வி மட்டும் இல்லை. விட்டுப்போயிற்றோ என்று விசாரித்தேன்.

"யாரும் ஒண்ணும் கேட்கலைங்க," என்றார் உறுதியாக. "என் பிள்ளைக்குத் தானாத்தான் தோணுச்சு."